வியா ஃபொந்தாட்ஸா, எண் 36: பொலோனியா பயணக் குறிப்புகள்

ஏப்ரல் 24, புதன் – பொலோனியா

மிலானில் படிக்கும் மகளைப் பார்க்க வந்து பத்து நாளாயிற்று. அவளுக்குச் சேர்ந்தாற்போல் ஆறு நாள் விடுமுறை கிடைத்தது. வெனிஸ் போகலாமா, ரோம் போகலாமா என்று கேட்டாள். பொலோனியா என்றேன்.

"அங்க என்னம்மா இருக்கு?"

"ஒரு வீடு இருக்கு. பார்க்கணும்."

ஓவியர் ஜார்ஜோ மொராண்டியின் வீடு. நான் இருபத்திரண்டு வருஷம் பள்ளியில் ஓவிய ஆசிரியையாக இருந்தவள். மாடல் டிராயிங் வகுப்புக்காக மேசைமேல் ஒரு ஜாடி, ஒரு பெட்டி, ஒரு குவளை வைத்துவிட்டு, நாற்பது பிள்ளைகள் அதை வரைவதைச் சுற்றி வந்து பார்ப்பதுதான் என் வேலை. அந்தக் காலத்தில் ஒரு பழைய கலைப் பத்திரிகையில் மொராண்டியின் படம் ஒன்று கண்ணில் பட்டது. அரைப் பக்கம், கறுப்பு வெள்ளை. அதே ஜாடி, அதே பெட்டி. ஆனால் அவை நின்ற விதம் என்னைத் தூங்கவிடவில்லை. அந்தப் பக்கத்தை வெட்டி அலமாரிக் கதவின் உட்புறம் ஒட்டிவைத்தேன். படத்துக்குக் கீழே அவரைத் துறவி என்று எழுதியிருந்தார்கள். கல்யாணம் செய்துகொள்ளாதவர், ஊரைவிட்டு நகராதவர், யாரோடும் சேராதவர், வாழ்நாள் முழுக்க புட்டிகளை மட்டுமே வரைந்தவர். அந்தத் துறவியைத்தான் தேடி வந்தேன்.

ரயிலிலிருந்து இறங்கும்போதே மழை. ஏப்ரல் முடியப்போகிறது, ஆனாலும் ஸ்வெட்டருக்கு மேல் கோட்டு போட்டும் குளிர்கிறது. குடை எடுக்க மறந்துவிட்டோம். அது பெரிய குறையாகவே தெரியவில்லை, ஏனென்றால் இந்த ஊரே தாழ்வாரத்துக்குள் இருக்கிறது. வீடுகளின் மாடிகள் தெருப்பக்கம் நீண்டு, தூண்கள் தாங்க, கீழே நடைபாதை. எல்லாம் சேர்த்தால் 62 கிலோமீட்டர் வரும் என்கிறார்கள். 2021இல் யுனெஸ்கோ பட்டியலிலும் சேர்ந்துவிட்டது. நம் பழைய வீட்டுத் திண்ணைகளை எல்லாம் ஒன்றோடொன்று கோத்துத் தெருவாக்கினால் எப்படி இருக்கும், அப்படி. சுவர்கள் காவியும் ஆரஞ்சும் மங்கிய சிவப்புமாக இருக்கின்றன. மழை வெளிச்சத்தில் அந்த நிறங்களைப் பார்த்ததும் எங்கோ பார்த்த நிறமாயிற்றே என்று தோன்றியது. கொஞ்ச தூரம் போன பிறகுதான் புரிந்தது. மொராண்டியின் நிறங்கள் இவை. எங்கிருந்தும் கொண்டுவரவில்லை, வாசலுக்கு வெளியே கிடந்ததை எடுத்துக்கொண்டிருக்கிறார்.

தங்கியிருப்பது ஒரு வயதான அம்மா வாடகைக்கு விடும் அறையில். சாவி கொடுக்கும்போதே ஒரு விஷயம் சொன்னார். இரவில் வந்தால் பெட்டியை உருட்டக்கூடாது, தூக்கிக்கொண்டு வர வேண்டும். கீழ் வீட்டில் கைக்குழந்தை இருக்கிறது.

சாயங்காலமே வியா ஃபொந்தாட்ஸாவுக்கு நடந்தோம். ஸ்த்ராதா மஜ்ஜோரேவுக்கும் சாந்தோ ஸ்தேஃபானோ தெருவுக்கும் நடுவில், ஒரு பக்கம் தாழ்வாரமும் மறுபக்கம் வெறும் சுவருமாக ஒடுங்கி ஓடும் தெரு. 36ஆம் எண் பூட்டியிருந்தது. நாளைத் தப்பாகக் குறித்து வைத்திருக்கிறேன். வாசலில் நின்று தடவிப் பார்த்துக்கொண்டிருந்தபோது, பையில் காய்கறியோடு வந்த ஒரு பெண்மணி தானே நின்று மகளிடம் பேசினார். சனிக்கிழமை வாருங்கள் என்றார். அதோடு விடாமல், எந்த ஊர், எத்தனை நாள் இருக்கிறீர்கள், சனிக்கிழமை வரை இருப்பீர்கள்தானே என்று கேட்டு, இருப்போம் என்று தெரிந்த பிறகே நகர்ந்தார்.

இரவு ஒரு சின்னச் சாப்பாட்டுக் கடை. இந்த ஊரில் எல்லாவற்றிலும் இறைச்சி. நான் சாப்பிடுவதில்லை. சூப்பில் மிதக்கும் குட்டி தோர்தெல்லினியைக் காட்டி, உள்ளே இருப்பதை விட்டுவிட்டு வெறும் சூப்பு மட்டும் கிடைக்குமா என்று மகள் கேட்டாள். பரிமாறுகிறவர் தட்டைக் கீழே வைத்துவிட்டுப் பொறுமையாகச் சொன்னார்: சூப்பே சேவலில் வைத்தது, வேண்டாம். பிறகு அவரே பெரிய அளவு தோர்தெல்லோனி கொண்டுவந்தார். உள்ளே ரிக்கோத்தா என்ற பாலாடைக்கட்டி, மேலே உருக்கிய வெண்ணெயும் வதக்கிய சேஜ் இலையும். 14 யூரோ. மேசையில் உட்கார்ந்ததற்கு ஆளுக்கு இரண்டரை யூரோ தனி. வெண்ணெயில் முறுகிய அந்த இலையை நம் கறிவேப்பிலையைப் போல ஒதுக்கப் பார்த்தேன். அவர் பார்த்துவிட்டார், சாப்பிடுங்கள் என்று சைகை காட்டினார். சாப்பிட்டேன். மொறுமொறுவென்று நன்றாக இருந்தது.

ஏப்ரல் 25, வியாழன் – பொலோனியா

இன்று இத்தாலி முழுக்க விடுமுறை. ஃபாசிஸ்டுகளிடமிருந்தும் ஜெர்மானியப் படையிடமிருந்தும் நாடு விடுபட்ட நாள். அருங்காட்சியகத்துக்குப் போகலாம் என்று கிளம்பி, நெப்டியூன் சதுக்கத்தைத் தாண்ட முடியாமல் கூட்டத்தில் மாட்டிக்கொண்டோம். கொடி, பாட்டு, குழந்தைகளைத் தோளில் தூக்கிய அப்பாக்கள்.

சதுக்கத்தின் ஒரு சுவர் முழுக்கப் புகைப்படங்கள். எதிர்ப்புப் போரில் இறந்த இந்த ஊர்க்காரர்கள், இரண்டாயிரத்துக்கு மேல். தபால் தலை மாதிரி சின்னச் சின்னதாக, ஒவ்வொன்றின் கீழும் பெயர். பள்ளிப் பிள்ளைகள் வயதில் பல முகங்கள். ஒரு தாத்தா பேரனைத் தூக்கிப் பிடித்து ஒரு படத்தைத் தொடச் சொன்னார். அந்தப் பையன் தொட்டுவிட்டு, அடுத்ததையும் தொடட்டுமா என்று கேட்டான்.

இந்தச் சுவரின் முன் நிற்கும்போது மொராண்டியின் வாழ்க்கையில் நான் ஒதுக்கித் தள்ளிவைத்த பக்கம் நினைவுக்கு வந்தது. 1928இல் இங்கே வெளிவந்த ஒரு ஃபாசிஸ்ட் இதழில் தன் வாழ்க்கையைப் பற்றிச் சின்னக் குறிப்பு எழுதினார். அதில் அந்த இயக்கத்தின்மேல் தனக்கு நம்பிக்கை இருந்ததாகச் சொல்லியிருக்கிறார். இரண்டு வருஷத்தில் நுண்கலைக் கழகத்தில் பேராசிரியர் வேலை கிடைத்தது. அதே மனிதரை 1943 மே மாதம், எதிர்ப்பு இயக்கத்தில் இருந்த நண்பர்களோடு பழக்கம் என்பதற்காகப் பிடித்துக்கொண்டு போய் ஒரு வாரம் போல் சிறையில் வைத்தார்கள். புட்டிகளோடு அறைக்குள் இருந்தவருக்கு உலகம் தெரியாது என்று சொல்லி அவரை இதிலிருந்து எல்லாம் காப்பாற்ற நானே பல வருஷம் முயன்றிருக்கிறேன். அது சரியில்லை. கலைஞன்மேல் உள்ள அன்பு அவன் எழுதிய வரியை அழிக்கப் பயன்படக்கூடாது. அவர் உலகத்துக்குள்தான் இருந்தார், அதன் தப்போடும் அடியோடும்.

மதியம் வெயில் வந்தது. கால் மணி நேரம்தான். நின்றுகொண்டே குடித்தால் காப்பி 1.40 யூரோ, உட்கார்ந்தால் அதைவிட அதிகம். நின்றே குடித்தோம். சாய்ந்த கோபுரங்கள் இரண்டையும் பார்த்தோம். சின்னதான காரிசெந்தா ரொம்பச் சாய்கிறது என்ற பயத்தில் 2023 அக்டோபரிலிருந்து சுற்றிலும் தடுப்பு போட்டிருக்கிறார்கள். அதன் கீழே போகும் வழியெல்லாம் அடைப்பு.

ஏப்ரல் 26, வெள்ளி – மாம்போ

ஊரின் வடமேற்கில் இருக்கும் நவீனக் கலை அருங்காட்சியகத்தைச் சுருக்கமாக மாம்போ என்கிறார்கள். கட்டடம் முன்பு நகராட்சியின் ரொட்டி அடுமனையாக இருந்தது. முதல் உலகப் போர்க் காலத்தில் மேயராக இருந்த ஃப்ராஞ்செஸ்கோ ஸனார்தி, ஜனங்களுக்கு மலிவாக ரொட்டி கிடைக்க வேண்டும் என்று கட்டியது. மொராண்டி அருங்காட்சியகம் 1993இல் நகராட்சி மாளிகையில் தொடங்கி, 2012இல் இங்கே வந்தது. தங்கை மரியா தெரேசா நகரத்துக்குக் கொடுத்த படங்கள்தான் இதன் அடித்தளம். ரொட்டி சுட்ட இடத்தில் அவர் படங்கள் இருப்பது எனக்கு நிம்மதியாக இருந்தது.

புட்டிப் படங்கள் எல்லாவற்றுக்கும் ஒரே பெயர். நாத்துரா மோர்த்தா. அசையாப் பொருள்களை வரையும் ஸ்டில் லைஃபுக்கு இத்தாலிய மொழியில் அதுதான் பெயர். மகள் சொன்னாள், நேராகப் பார்த்தால் அதற்குச் செத்துப்போன இயற்கை என்று பொருள் என்று. அந்தப் பெயர் இந்தப் படங்களுக்குப் பொருந்தவே இல்லை.

முதலில் என்னை அதிரவைத்தது அளவு. என் அலமாரியில் இருந்த அரைப்பக்கப் படத்தைவிட ஒன்றிரண்டு மடங்குதான் பெரியவை பல. கையில் எடுத்துக்கொண்டு போகலாம். ஆனால் அறையின் அந்தக் கோடியிலிருந்தே கூப்பிடுகின்றன.

ஒரு படத்தின் முன் வெகு நேரம் நின்றேன். ஐம்பதுகளில் வரைந்தது. நடுவில் கழுத்து நீண்ட வெள்ளைப் புட்டி, ஒட்டினாற்போல் இரண்டு பெட்டிகள், பின்னால் ஏதோ ஒன்றின் தலை மட்டும். தூரத்திலிருந்து பார்த்தால் அடுக்கிவைத்த மாதிரி சீராக இருக்கிறது. கிட்டே போனால் ஒரு கோடு கூட நேராக இல்லை. புட்டியின் விளிம்பு மெல்ல நடுங்குகிறது. பெட்டியின் மேல்விளிம்பும் பின்னால் மேசை முடியும் கோடும் ஒரே உயரத்தில் வந்து சேர்கின்றன. இரண்டையும் ஒரே உயரத்தில் வைக்காதே, எது முன்னால் எது பின்னால் என்று தெரியாமல் போய்விடும் என்று நான் பிள்ளைகளுக்குச் சொல்லிச் சொல்லித் திருத்திய அதே தப்பு. இவர் வேண்டுமென்றே அங்கே கொண்டுபோய் நிறுத்துகிறார். அதனால் என்ன ஆகிறதென்றால், பெட்டி ஒரு நிமிஷம் முன்னால் வருகிறது, அடுத்த நிமிஷம் சுவரோடு போய் ஒட்டிக்கொள்கிறது. இரண்டு பொருள்களுக்கு நடுவில் உள்ள இடைவெளி, விரல்கூட நுழையாத சந்து, அதைத் தனியாக ஒரு பொருள் மாதிரி வரைந்திருக்கிறார். அந்தச் சந்தின் சாம்பல் நிறத்தில் ஊதாவும் கொஞ்சம் மஞ்சளும் இருக்கின்றன. வெள்ளைப் புட்டியில் வெள்ளையே இல்லை. பாலாடை நிறம், மாவு நிறம், தூசி நிறம்.

பக்கத்து அறைக் காவலர், அறுபது வயது இருக்கும், ஒரு மடக்கு நாற்காலியைக் கொண்டுவந்து என் பின்னால் வைத்தார். இவர் படத்தை உட்கார்ந்து பார்க்கணும் என்று மகளிடம் சொல்லிவிட்டுப் போனார்.

ஆரம்பகாலப் படங்கள் வேறு மாதிரி. 1918, 1919 வாக்கில் தே கீரிக்கோ, கார்ரா ஆகிய ஓவியர்களின் பாதிப்பில் கனவு போன்ற வழவழப்பான படங்கள் வரைந்தார். ஓரிரு வருஷத்திலேயே அதிலிருந்து வெளியே வந்துவிட்டார். உண்மையான ஆசான்கள் வேறு. பிரெஞ்சு ஓவியர்கள் செஸான், ஷார்தான், இன்னும் பின்னால் போனால் பழைய இத்தாலிய ஓவியர்கள் ஜொத்தோ, மசாச்சோ, பியேரோ. 1910இலேயே ஃபிளாரன்ஸ் போய் அந்தப் பழைய சுவரோவியங்களைப் பார்த்து வந்திருக்கிறார். தெரிந்த பிறகு பார்த்தால், அவருடைய புட்டிகள் ஜொத்தோவின் புனிதர்கள் தோளோடு தோள் நிற்பதைப் போலவே நிற்கின்றன.

எண்ணெய் ஓவியங்கள் மட்டும் 1300க்கு மேல், எட்சிங் 133. எட்சிங் அறையை அவசரமாகத் தாண்டப் பார்த்தேன், முடியவில்லை. செப்புத் தகட்டின்மேல் மெழுகு பூசி, ஊசியால் கீறி, அமிலத்தில் போடுவார்கள். கீறிய இடத்தை அமிலம் அரிக்கும். எவ்வளவு நேரம் கிடக்கிறதோ அவ்வளவு ஆழம், அவ்வளவு கறுப்பு. மொராண்டி நிழலைத் தீற்றவில்லை. கோட்டின் குறுக்கே கோடு, அதன் குறுக்கே இன்னொரு கோடு, வலை பின்னுகிற மாதிரி. வெளிச்சம் படும் புட்டிக்கு ஒரு கோடும் கிடையாது. சுற்றிலும் வலை, நடுவில் வெறும் காகிதம். அந்த வெறும் காகிதம்தான் புட்டி. எத்தனை பொறுமை வேண்டும்!

இந்த இடத்தில்தான் என் மனசிலிருந்த துறவி ஆட்டம் கண்டார். சுவரில் இருந்த வாழ்க்கைக் குறிப்பை மகள் வாசித்து வாசித்துச் சொன்னாள். 1914 முதல் 1929 வரை ஆரம்பப் பள்ளிகளில் டிராயிங் வாத்தியார்! எனக்கு இது தெரியாது. எட்சிங் பேராசிரியராக 1930இலிருந்து 1956 வரை. ஆக, நாற்பது வருஷத்துக்கு மேல் காலையில் எழுந்து வகுப்புக்குப் போன மனிதர். பிள்ளைகளின் கூச்சலை, மை கொட்டிய மேசையை, திருத்த வேண்டிய தாள்களை எல்லாம் பார்த்தவர். 1934இலேயே கலை வரலாற்றாசிரியர் ரொபெர்த்தோ லோங்கி, தன் முதல் பல்கலைக்கழக உரையில் இத்தாலியின் மிகச் சிறந்த ஓவியர்களில் ஒருவர் என்று இவரைச் சொல்லியிருக்கிறார். 1948இல் வெனிஸில் பரிசு, 1957இல் சாவ் பாவ்லோவில் பெரும் பரிசு. ஒளிந்துகொண்டவருக்கு இதெல்லாம் நடக்குமா?

"அம்மா, உன்ன மாதிரி டிராயிங் டீச்சராம்மா இவரு" என்றாள் மகள். எனக்குக் கண் கலங்கிவிட்டது.

ஏப்ரல் 27, சனி – வியா ஃபொந்தாட்ஸா

இன்று கதவு திறந்திருந்தது.

மாடியேறிப் போக வேண்டும். சின்ன வீடு. வாசலறையில் பழைய மரச்சாமான்கள், குடும்பத்தின் புகைப்படங்கள். அப்பா 1909இல் இறந்துவிட, அடுத்த வருஷம் அம்மாவும் பிள்ளைகளுமாக இந்தத் தெருவுக்கு வந்தார்கள். மூத்தவர் ஜார்ஜோவுக்கு அப்போது இருபது வயதுகூட நிறையவில்லை. கீழே மூன்று தங்கைகள்: அன்னா, தீனா, மரியா தெரேசா. தம்பி ஒருவன் இருந்து சிறு வயதிலேயே போய்விட்டான். தங்கைகளும் கல்யாணம் செய்துகொள்ளவில்லை. அம்மா 1950 வரை இருந்தார். ஜார்ஜோ 1964இல் இறக்கும்வரை இந்தத் தெருதான்.

இதைப் படித்துத் தெரிந்துகொள்வது வேறு, அந்த வீட்டில் நிற்பது வேறு. ஐந்து பேர் இருந்த வீடு. யாராவது அடுக்களையில் பாத்திரம் உருட்டியிருப்பார்கள், யாராவது இருமியிருப்பார்கள், கதவைத் தட்டிச் சாப்பாட்டுக்குக் கூப்பிட்டிருப்பார்கள். துறவி என்றால் தனியாக இருக்க வேண்டாமா? இவர் அப்பா இல்லாத வீட்டின் மூத்த பிள்ளை. நம் ஊரில் இப்படிப்பட்ட அண்ணன்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். அவர்களை யாரும் துறவி என்று சொல்ல மாட்டோம்.

அவருடைய அறைக்குள் கால் வைக்க விடுவதில்லை, இப்பால் நின்றே பார்க்க வேண்டும். அது போதும். ஒண்டிக் கட்டில் ஒன்று. அதே அறையில்தான் தூக்கமும் வேலையும். ஜன்னலுக்கு அப்பால் முற்றம். அதையும் பலமுறை வரைந்திருக்கிறார். படத்தை நிறுத்திவைத்து வரையும் சட்டம் (ஈசல்) ஜன்னலோரம் நிற்கிறது. மேசைகள் வெவ்வேறு உயரம். கண்ணுக்கு நேராக வேண்டுமா, கொஞ்சம் மேலிருந்து பார்க்க வேண்டுமா என்பதற்கு ஏற்ப.

அப்புறம் அந்தச் சாமான்கள். தரையிலும் அலமாரியிலுமாக எத்தனை! புட்டிகள், கூஜாக்கள், எண்ணெய் விளக்குகள், டின்கள், கிண்ணங்கள், சிப்பிகள், துணிப் பூக்கள். நிஜப் பூ வாடிவிடும், இவர் பார்த்து முடிக்க நாளாகும் என்பதால் துணியிலும் காகிதத்திலும் செய்த பூக்கள். எல்லாம் பழைய சாமான் கடையில் கிடைக்கக்கூடியவைதான். ஆனால் அப்படியே வரையவில்லை. டின்மேல் இருந்த எழுத்தை மறைத்து வர்ணம் பூசியிருக்கிறார். கண்ணாடிப் புட்டிக்குள் வர்ணத்தை ஊற்றி, பளபளப்பைச் சாகடித்திருக்கிறார். கண்ணாடி மினுங்கினால் கண் மினுக்கத்துக்குத்தானே போகும், வடிவத்துக்குப் போகாது. வகுப்பில் நானும் எவர்சில்வர் சொம்பை வைக்கமாட்டேன், பிள்ளைகள் அதில் தெரியும் தங்கள் மூஞ்சியைத்தான் வரைவார்கள். ஆனால் வர்ணம் ஊற்ற வேண்டும் என்று எனக்குத் தோன்றியதே இல்லை.

தூசி பற்றி நிறையப் பேர் எழுதியிருக்கிறார்கள். அந்தச் சாமான்கள்மேல் தூசியைப் படியவிட்டார், யாரையும் துடைக்கவிடவில்லை என்று. மூன்று தங்கைகள் இருந்த வீட்டில் ஓர் அறை மட்டும் துடைக்கப்படாமல் இருந்தது என்றால் அந்தத் தங்கைகளையும் நினைக்க வேண்டும். துணியைக் கையில் வைத்துக்கொண்டு வாசலோடு திரும்புவது எவ்வளவு கஷ்டம் என்று வீடு பெருக்குகிற யாருக்கும் தெரியும்.

நான் கடைசியாகப் பார்த்தது மேசைமேல் விரித்த காகிதத்தை. அதில் பென்சிலால் வட்டங்கள், அரைவட்டங்கள், சின்னக் கோடுகள். ஒவ்வொரு புட்டியும் எங்கே நிற்க வேண்டும் என்று அடியைச் சுற்றிக் குறித்தவை. ஒன்றின்மேல் ஒன்றாக, கொஞ்சம் தள்ளி இன்னொன்று, அதை வெட்டிக்கொண்டு இன்னொன்று. மழைத்துளி விழுந்த குளம் மாதிரி இருந்தது. அவர் வரைவதைச் சீக்கிரம் முடித்துவிடுவாராம். நாள் கணக்கில், சில சமயம் வாரக் கணக்கில் ஆனது எல்லாம் இந்த நகர்த்தலுக்குத்தான். அரை விரல் இடது பக்கம், பிறகு நிழல் பார்த்து, பிறகு மறுபடி வலது பக்கம். இந்த வட்டங்களில் ஒன்று ரொம்ப அழுத்தமாக இருந்தது. திரும்பத் திரும்ப அதே இடத்துக்கு வந்திருக்கிறார் போல. அந்த ஒரு வட்டத்தை மட்டும் என் நோட்டில் குறித்துக்கொண்டேன்.

வெளியே வந்ததும் மகள் ஒன்றும் பேசவில்லை. தெருமுனைக் கடையில் எனக்கு ஒரு கப் பிஸ்தா ஐஸ்கிரீம் வாங்கிக் கொடுத்தாள். மூன்று யூரோ. குளிரில் நின்றுகொண்டே சாப்பிட்டோம்.

மாலையில் செர்தோசா கல்லறைத் தோட்டம். தாழ்வாரங்கள் அங்கேயும் தொடர்கின்றன. குடும்பக் கல்லறையில் மொராண்டியின் முகம் வெண்கலத்தில் இருக்கிறது, சிற்பி மன்ட்ஸூ செய்தது. யாரோ ஒருவர் ஒரு சின்னக் காலிப் புட்டியை ஓரமாக வைத்துவிட்டுப் போயிருந்தார்.

ஏப்ரல் 28, ஞாயிறு – கிரிட்சானா

இன்று எல்லாம் தப்பாகப் போயிற்று. ஆனாலும் நல்ல நாள்.

மொராண்டி கோடையில் போகும் மலைக் கிராமம் கிரிட்சானா. 1913இலிருந்து போக ஆரம்பித்தார். 1985இல் ஊர்க்காரர்கள் ஊரின் பெயரையே கிரிட்சானா மொராண்டி என்று மாற்றிக்கொண்டார்கள். ஸ்டேஷன் கீழே செத்தா ஆற்றுப் பள்ளத்தாக்கில், கிராமம் மேலே. மேலே போக பஸ் உண்டு என்று நம்பி இறங்கினோம். ஞாயிற்றுக்கிழமை பஸ் கிடையாது. ஸ்டேஷனில் கேட்கவும் ஆளில்லை. பதினோரு மணிக்கு வீட்டைப் பார்க்க வருகிறோம் என்று முன்பே சொல்லிவைத்திருந்தோம். நடக்கத் தொடங்கினோம்.

வளைந்து வளைந்து ஏறும் ரோடு. முக்கால் மணி நேரம் ஆனதும் என் முழங்கால் முடியாது என்றது. ஒரு கைப்பிடிச் சுவரில் உட்கார்ந்தேன். அப்போதுதான் ஒரு பழைய ஃபியட் பாண்டா வந்து நின்றது. ஓட்டியவருக்கு எழுபதுக்கு மேல். பின் சீட்டில் பெரிய வெள்ளை நாய். மகள் நாயோடு உட்கார்ந்தாள், நான் முன்னால். எதற்காகப் போகிறோம் என்று தெரிந்ததும் வண்டியை மெதுவாக்கினார். ஒவ்வொரு வளைவிலும் நிறுத்தி, கையை நீட்டி, இது, அதோ அது, என்று காட்டிக்கொண்டே வந்தார். அந்த மேடு, அந்தக் களஞ்சியம், அந்த மரக்கூட்டம், எல்லாம் படத்தில் உண்டு என்று. பெட்ரோலுக்குக் காசு கொடுக்கப் போனேன். இரண்டு கையையும் பின்னால் கட்டிக்கொண்டார்.

காம்ப்யாரோவில் உள்ள வீட்டுக்குப் போனபோது பன்னிரண்டரை. திறந்துகாட்ட வந்தவர் காத்திருந்து போயிருக்க வேண்டும். தாமதம் எங்களுடையது. வெளியிலிருந்தே பார்த்தோம். கடைசி வருஷங்களில், 1960 வாக்கில், தங்கைகளோடு கட்டிக்கொண்ட வீடு. குழந்தையை வீடு வரையச் சொன்னால் வரைகிற மாதிரி ஒரு பெட்டி, மேலே ஓடு. எதிரே பழைய வைக்கோல் களஞ்சியங்கள். அவற்றைத்தான் வருஷக்கணக்காக வரைந்தார். அவருடைய நிலக்காட்சிகளில் ஒரு மனிதரும் வரமாட்டார், வீடுகளுக்குப் பெரும்பாலும் ஜன்னலும் இருக்காது. அவற்றைப் படத்தில் பார்த்தபோது எல்லாவற்றையும் எளிமையாக்குகிறார் என்று நினைத்திருந்தேன். இங்கே நிற்கும்போது மேகம் இறங்கி, சரிவில் இருந்த வீடுகள் வெறும் வெளுப்பு மஞ்சள் சதுரங்களாயின. ஜன்னல் தெரியவில்லை. அவர் பார்த்ததைத்தான் வரைந்திருக்கிறார்.

வடக்கே அதே மலைத்தொடரில் மோன்டே சோலே. 1944 செப்டம்பர் 29 முதல் அக்டோபர் 5 வரை, மார்த்ஸபோத்தோ, கிரிட்சானா, மோன்ட்ஸூனோ ஆகிய மூன்று ஊர்களின் குடியிருப்புகளில் ஜெர்மானிய எஸ்.எஸ். படை ஏறக்குறைய 770 பேரைக் கொன்றது. பெரும்பாலும் பெண்கள், குழந்தைகள், முதியவர்கள். குண்டுவீச்சுக்குப் பயந்து மொராண்டியும் குடும்பமும் 1943இல் இங்கே வந்து தங்கியிருந்தார்கள். அந்த அக்டோபருக்கு முன் ஊர் திரும்பிவிட்டார்கள். அந்த இரண்டு வருஷங்களின் நிலக்காட்சிகளை அருங்காட்சியகத்தில் பார்த்தபோது அமைதி என்று மனதில் குறித்துக்கொண்டேன். இப்போது அந்த வார்த்தையை அடித்துவிட்டேன். கூட்டம் கலைந்த வீட்டு முற்றம் மாதிரியான மௌனம் அது.

மழை பிடித்துக்கொண்டது. ஊரில் திறந்திருந்த ஒரே பாரில் ஒதுங்கினோம். அங்கிருந்த பெண் என் ஈரக் காலணியைப் பார்த்துவிட்டு, கேட்காமலே ஒரு பழைய செய்தித்தாளைச் சுருட்டி உள்ளே திணித்துக் கொடுத்தார். பொரித்த மாவு அப்பம், கிரெஷெந்தீனே, சூடாக. தொட்டுக்கொள்ள வெங்காயமும் தக்காளியும் மணிக்கணக்கில் வதக்கிய ஃப்ரிஜ்ஜோனே. பூரியும் தக்காளித் தொக்கும் என்று கண்ணை மூடிக்கொண்டு சாப்பிட்டேன். இரண்டு பேருக்கும் சேர்த்து 15 யூரோ. ஸ்டேஷனுக்குக் கீழே இறங்க, அங்கே சீட்டாடிக்கொண்டிருந்தவர்களில் ஒருவரை அவரே ஏற்பாடு செய்துவிட்டார். ஆட்டத்தை முடித்துவிட்டுத்தான் எழுந்தார்.

ஏப்ரல் 29, திங்கள் – கிளம்பும் நாள்

காலை ஏழு மணிக்கே எழுந்துவிட்டேன். வீட்டுக்கார அம்மாவின் சமையலறை மேசையில் நேற்றைய சாமான்கள்: மோக்கா காப்பிப் பாத்திரம், சர்க்கரை டப்பா, பூவேலை செய்த ஒரு கோப்பை, கடைசியில் ஒரு காலி எண்ணெய்ப் புட்டி. மேகமூட்டமான வெளிச்சம் பக்கவாட்டில் விழுந்துகொண்டிருந்தது. ஒன்றையும் நகர்த்தாமல் நோட்டை எடுத்து வரைய ஆரம்பித்தேன். பிறகு புட்டியை மட்டும் கொஞ்சம் நகர்த்தினேன். பிறகு பழைய இடத்திலேயே வைத்தேன்.

அந்த அம்மா கையில் துணியோடு மேசை துடைக்க வந்தார். பார்த்தார். நான் எழுந்து, எடுத்துவிடுகிறேன் என்று சைகை காட்டினேன். வேண்டாம் என்று தலையசைத்தார். துணியைத் தோளில் போட்டுக்கொண்டு அடுப்பு மேடையைத் துடைக்கப் போய்விட்டார். அதன் பிறகு அவர் பாத்திரம் எடுத்த சத்தம்கூடக் கேட்கவில்லை.

மகள் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வாசலில் நின்றாள். "அம்மா, ரயிலுக்கு இருபது நிமிஷந்தான்."

மோக்காவின் மூக்கு மட்டும் பாக்கி.